குமுதினியின் பயம்

குமுதினியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஹம்பேர்க்கிலேயே கிடையாது என்பது அவள் கணவர் தவராசாவின் முடிந்த முடிவு. தங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார்.

"புதுவருசத்துக்கு சனம் வெடி கொளுத்தினா, இவ கட்டடத்துக்குக் கீழ கெல்லர் அறைக்குள்ள போய் இருந்திடுவா. தனிய விடேலாது. நானும் கூடப் போய் இருக்கிறனான்."

பக்கத்துப் பூக்கடையின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டுப் போனபிறகு, தங்கள் கடைக்கும் ஒரு தற்காப்புத் துப்பாக்கி வேண்டும் என்று தவராசா தீர்மானித்தார். குண்டு வராத வகை. காது கிழியச் சத்தமும் கண்ணெரிக்கும் புகையும்தான் வரும். அதைப் பிடிக்கப் பழக்குகிற சனிக்கிழமை வகுப்பு ஒன்றுக்கு இரண்டு பேரையும் பதிந்தார். மனைவிக்குப் பயம் தெளியட்டுமாம்.

"எனக்கேன்? நீங்கள் மட்டும் போங்கோவன்" என்றாள் குமுதினி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நானும் வாறன்" என்றாள்.

வினை என்னவென்றால், அதே வகுப்புக்கு, கடைக்கு வாடிக்கையாக வருகிற குணசேகரமும் வந்திருந்தான். அவன் காதில் ஒன்று விழுந்தால், அடுத்த வெள்ளி கோயில் அன்னதான வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் போய்விடும். ஊரில் ஷெல் விழ விழச் சைக்கிள் ஓடினவன் நான் என்று அவனிடம் தவராசா ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார்.

பயிற்சியாளர் கிறிஸ்ரியன் எல்லோருக்கும் காதுமூடி கொடுத்தார். பிறகு துப்பாக்கியால் ஒரு வெடி வைத்துக் காட்டினார்.

தவராசாவின் முதுகில் வியர்வை ஓடியது. கூடத்தில் சூடு கூட என்று நினைத்துக்கொண்டார். முழங்கால் ஆடியது. காலையில் சாப்பிட்ட எட்டு இடியப்பம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

குணசேகரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டான். அடுத்ததாக வந்த குமுதினி, சொன்னபடி காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்து, மூன்று வெடி வைத்தாள். இமைகூட அசையவில்லை. கிறிஸ்ரியன் கை தட்டினார்.

"நான் பக்கத்தில நிக்கிறன் எண்ட தைரியம்" என்றார் தவராசா. குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

அடுத்தது அவருடைய முறை. குணசேகரம் படம் பிடிக்கப் போனை உயர்த்தினான். தவராசாவின் கையில் துப்பாக்கி, அப்போதுதான் பிடித்த மீனைப் போலத் துள்ளியது. இத்தனை வருடம் கட்டிக்காத்த மானம் இன்றோடு சரி என்று அவருக்கே விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ."

குமுதினி கிட்ட வந்து துப்பாக்கியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள். "எனக்கு நெஞ்சு படபடக்குது. இதுக்குள்ள நிக்கேலாது. வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ."

"பாவம் அக்கா. கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை" என்று குணசேகரம் போனை இறக்கினான்.

வெளியே குளிர்காற்றுப் பட்டதும் தவராசாவுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. ரயில் வரும்வரைக்கும் ஏசினார். நல்ல நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிட்டாளாம். தான் மட்டும் சுட்டிருந்தால் கிறிஸ்ரியனே அசந்துபோயிருப்பாராம். குமுதினி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள்.

ரயிலில் ஏறி இருந்தபிறகு அவருக்கே ஏதோ உறுத்தியது.

"மூண்டு வெடியும் நல்லாத்தானே வைச்சனீர். பிறகு என்னத்துக்குப் பயந்தனீர்?"

குமுதினி தன் சால்வை நுனியால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"நீங்கள் தொண்ணூறு கிலோ. மயங்கி விழுந்தா ஆர் தூக்கிறது? அதுக்குத்தான் பயந்தனான்."