ஒரு சொட்டு மோர்

கேப்சூல் அப்பாவுக்குத் தொண்டையில் இறங்காததால், பூங்கோதை தினமும் அதைப் பிரித்து, தூளை மோரில் கலந்து, கசக்கிறதா என்று தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே புகட்டினாள்.

“கட்டி வளரவே இல்ல,” மறுபரிசோதனைக்கு வந்த இருவரிடமும் ஸ்கேனைக் காட்டி டாக்டரம்மா சிரித்தார். “புது ரத்தக்குழாய் எதையும் இந்த மருந்து முளைக்க விடாது. தீனியில்லாம கட்டி அப்படியே நின்னுடுச்சு.” சட்டென்று நினைவு வந்தவராய்க் கேட்டார்: “வீட்ல மாசமா இருக்கிறவங்க யாரும் இதைத் தொடலையே? கரு தாங்காது.”

“அப்படி யாருமே இல்லீங்க. எம்பொண்ணு மட்டும்தான் தொடுவா,” என்றார் அப்பா, பெருமையாக.

அவள் உண்டாகியிருப்பதை மூன்று மாதம் முடிகிறவரை பெற்ற அப்பாவிடம்கூட மூச்சுவிடக் கூடாதென்று மாமியார் சொல்லியிருந்தார். இத்தனை நாளும் தெரியாத கசப்பு நாக்கில் ஊற, அதை விழுங்கவும் துணியாமல் பூங்கோதை வாயை இறுக மூடிக்கொண்டாள்.