கருங்கல்மேட்டில் ஏறுகிறவள்

“சவரி பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. செத்துப்போன உங்க மவ தினமும் என் பஸ்ஸுல ஏறுதுங்க.”

காரிமங்கலம் சந்தையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே என்னை நிறுத்தி இதைச் சொன்னான் கண்டக்டர் மாதப்பன்.

“எங்க ஏறுது?”

“கருங்கல்மேட்டுல. சரியா உச்சிப்பொழுதுக்கு. கறுப்புச் சீலை, மூஞ்சி தெரியாத முக்காடு. வாயைத் திறக்கிறதே இல்லை. அடுத்த ஸ்டாப்பு வறண்ட ஏரிக்கரை, அங்க ஒரு வூடுகூட கிடையாது. அங்க எறங்கிடுது. பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க.”

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“டிக்கெட் கணக்குப் பாரத்துல அதை எழுதுறியா?”

“கருங்கல்மேடு, ஒண்ணுன்னு எழுதுறேன். அது ஆளா இல்லையான்னு எழுத பாரத்துல எடம் இல்லைங்களே. எங்க சனமுன்னா ஒரு கோழி அறுத்து முடிச்சிருப்போம். உங்க வேதத்துல என்ன செய்வீங்களோ, சீக்கிரம் செய்யுங்க.”

என் மகள் ஞானமேரி செத்தது அந்த மேட்டில்தான். சேலத்திலிருந்து தருமபுரி ஜில்லாவைப் பிரித்த வருசம். தலைப்பிரசவம். எங்கள் பக்கம் நாலு ஊருக்கும் சேர்த்து சின்னப்பராஜிடம் மட்டும்தான் கார் இருந்தது. அவன் வாசலில் போய் நின்றேன்.

“டயர் வெடிச்சிருக்குது. வராது” என்று கதவைச் சாத்தினான்.

மாட்டுவண்டியில் கிளம்பினோம். கருங்கல்மேட்டைத் தாண்டவில்லை.

ஆறு வருசமாகிறது. கோயிலில் அவன் முழங்கால் போடும் பக்கம் நான் முழங்கால் போட்டதில்லை. அவன் அப்பன் சாவுக்கும் போகவில்லை. அவன் சாவுக்கும் போகமாட்டேன்.

கார்க்காரன் தயவை நம்பி இனி ஒருத்தியும் சாகக்கூடாது என்று கைநாட்டு வைத்து மனு மேல் மனு கொடுத்தேன். நாலு வருசம் அலைந்த பிறகு இந்த வருசம்தான் பஸ் வந்தது. ஆனால் கூடவே வந்த ஆபீசர் ஒன்று சொன்னார்.

“மூணு மாசம் ஓட்டிப் பார்ப்போம். உங்க ஊரு ஸ்டாப்பு கருங்கல்மேட்டுல தினம் ஒருத்தராவது ஏறணும். ஆளே ஏறாத நாள் ஒண்ணு வந்தாலும் பஸ் இந்தப் பக்கம் வராம பெரிய ரோட்டோட போயிடும்.”

சின்னப்பராஜ் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தானாம்.

“அந்த மேட்டுல எவன் போய் நிப்பான்? புள்ளைத்தாச்சியா செத்தவ நடமாடுற எடம். என் காருல ஏறுங்க, உசுரோட போய்ச் சேரலாம்.”

ஊர் பயந்தது. பாதிப் பேர் நடந்தார்கள். மீதிப் பேர் அவன் காரில் அடைந்துகொண்டு போனார்கள்.

சந்தையிலிருந்து திரும்பியதும் கோயில் சாமியாரிடம் மேரி பேரில் பூசைக்குச் சொன்னேன். பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமா கரையேறட்டும். ஆனால் அதற்குள் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் கிளம்பினேன். கருங்கல்மேட்டில் நிற்க எனக்குக் கால் வரவில்லை. ஒன்றரை மைல் நடந்து, முந்தின ஊரில் ஏறினேன்.

மேட்டில் கானல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் கறுப்பாக ஒன்று நின்றது. பஸ் நின்றதும் சத்தமில்லாமல் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மாதப்பன் விசில் ஊத மறந்து நின்றான்.

நான் எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மேரி...”

முக்காடு அசைந்தது. திரும்பவில்லை.

“அப்பன் வந்திருக்கேன், ஆத்தா. அன்னிக்கு நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.”

தோள் குலுங்கியது.

ஏரிக்கரையில் இறங்கியது. நானும் இறங்கினேன். பஸ் போய்ப் புழுதி அடங்கியதும், அந்த வெயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

“ஒரே ஒரு தரம் மூஞ்சியைக் காட்டு, ஆத்தா.”

முக்காடு விலகியது.

ஆரோக்கியம்மாள். சின்னப்பராஜின் பெண்டாட்டி!

ஆறு வருச ஆத்திரமும் தலைக்கு ஏறியது.

“த்தூ! புருசன் டீக்கடையில பேயைக் கிளப்பி விடுறான். நீ பேயா வேசம் கட்டிக்கிட்டு வர்றியா? சனம் பயந்து பஸ்ஸு நின்னுபோனா உங்க காருக்கு ஆள் சேரும்னுதானே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டப்ப, நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன், மாமா. டயர் நல்லாத்தான் இருந்துச்சு. நான் வாயைத் திறக்கலை.”

“இப்ப எதுக்கு முக்காடு?”

“அவருக்குத் தெரிஞ்சா காலை ஒடிச்சிடுவாரு. எண்பத்தேழு நாளா அங்க ஏறி, இங்க எறங்கி, கொல்லைக்காட்டு வழியா நடந்தே வூடு போய்ச் சேருறேன். இன்னும் மூணு நாளுதான். அப்புறம் பஸ்ஸு நிலைச்சிடும்.”

“உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?”

முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“தினம் ஒருத்தராவது ஏறணும்னாங்களே, மாமா. ஊருல ஒருத்தரும் அந்த மேட்டுல வந்து நிக்கலை. மனுப் போட்ட நீங்களே, இன்னிக்கு முந்தின ஊருல போய்த்தானே ஏறியிருக்கீங்க?”