காலியான படையல் இலை

“அண்ணே, ஓடி வாங்க! அண்ணி வந்து சாப்பிட்டுட்டாங்க!”

புஷ்பவள்ளி அத்தை போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் உள்ளே ஓடினார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் படையல். காஞ்சனாவின் அம்மா லாரி மோதி இறந்துபோயிருந்தாள். அவள் படத்துக்கு முன்னால் சோறு, கோழிப் பிரட்டல், இறால் சம்பல், அதிரசம் எல்லாம் குவித்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தார்கள். இப்போது இலையில் ஒரு பருக்கை இல்லை.

“பூனையா இருக்கும் லா,” என்றார் சின்னையா மாமா.

“ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு, பூனை பறந்தா வரும்? அண்ணிதான்!” அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு காஞ்சனா பக்கம் திரும்பினாள். “நீ ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? எப்பவும் நாலு வாய் கொறிச்சிட்டு எழுந்திருக்கிற. உடம்பு மட்டும் எப்படித்தான் ஏறுதோ!”

அப்பா பரஞ்சோதி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவதான். வயிறார சாப்பிட்டுப் போயிருக்கா.”

காஞ்சனாவுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். வயிறு கல்லாகக் கனத்தது, மூச்சு முட்டியது. ஒரே ஒரு அதிரசம் என்றுதான் சமையலறை வழியாக உள்ளே போனாள். கை நிற்கவே இல்லை. செத்துப்போன அம்மாவின் சோற்றையும் விட்டுவைக்கவில்லை. அப்பா எவ்வளவு நம்புகிறார்! எந்த வாயால் சொல்வது?

அப்பா சுடுதண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பா... அம்மா வரல. நான்தான்.” அழுகை வெடித்தது. “பசியே இல்லப்பா. ஆரம்பிச்சா நிறுத்த முடியல. யாருக்கும் தெரியாம ரொம்ப நாளா இப்படித்தான். அப்புறம் என்னையே எனக்குப் பிடிக்கல.”

“தெரியும்மா. குடி.”

“தெரிஞ்சும் ஏன் அம்மான்னு சொன்னீங்க?”

“உங்கத்தை வாயில நீ விழணுமா?” அவள் முதுகை மெல்லத் தடவினார். “இது திருட்டு இல்லம்மா, நோவு. தனியா கெடந்து அழக்கூடாது. தீபாவளி முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“யாருகிட்டப்பா? இதெல்லாம் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்க மாட்டாங்க. இதே மாதிரி கதவச் சாத்திக்கிட்டு சாப்பிட்டு அழுத உங்கம்மாவ, பேசிப் பேசியே சரிபண்ணுன டாக்டரம்மா இன்னும் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க.”