குவார்ட்டர்ஸ் பச்சை

"யாரைக் கேட்டு இந்தக் கலரை அடிக்கறேள்?"

மாலினி போட்ட சத்தத்தில் ஸ்டூல் மேல் நின்றிருந்த பெயிண்டர் ஜெபராஜ் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயாதாம்மா சொன்னாங்க. நீங்க சொன்ன பெயிண்டைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு இதை வாங்கியாரச் சொன்னாங்க."

ஹால் முழுக்கப் பச்சை. அதுவும் நல்ல பச்சையா? அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கிற மாதிரி ஒரு வெளிறின பச்சை. கீழே தரையை ஒட்டி காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மாலினி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது வேறு. ஹாலுக்கு யானைத்தந்த வெள்ளை. சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவர் மட்டும் மயில்நீலம். அதற்குத் தோதாகக் கர்ட்டன், தொங்கும் விளக்கு. எல்லாவற்றையும் போனில் காட்டியபோது "பேஷா இருக்கு" என்று தலையாட்டினவர்தான் அப்பா. ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கினால் இந்த லட்சணம்.

சேஷு பால்கனியிலிருந்து மெதுவாக உள்ளே வந்தார்.

"வா மாலினி. காப்பி கலக்கட்டுமா?"

"காப்பி இருக்கட்டும். என்னப்பா இது?"

"கைலாசபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸ்ல இருந்ததே, அந்தக் கலர்தான்."

"அது தெரியறது. அங்கே காலம் பூரா அம்மா இதைத்தானே பார்த்துண்டிருந்தா? சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூடக் கம்பெனியைக் கேக்கணும்பேள். சொந்தமா ஒரு ஃபிளாட் வாங்கி இத்தனை வருஷமாச்சு, இங்கேயாவது அவளுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கக் கூடாதா? மயில்நீலம்னா அம்மாவுக்கு உசிருப்பா."

"உசிருதான்."

"அப்புறம் என்ன?"

சேஷு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலினிக்கு ஆத்திரம் பொங்கியது.

"நீங்க எப்பவுமே இப்படித்தான். உங்களுக்கு எது சௌகரியமோ அதுதான் நடக்கணும். உங்களுக்காக மட்டும்தான் எல்லாமே பண்ணிப்பேள்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பழையபடி ஆனது.

"ஜெபராஜ், அந்தப் பட்டை இன்னும் கொஞ்சம் ஒசரம் வரணும்" என்றார்.

படுக்கையறையில் எட்டிப் பார்த்தால், சோபா அங்கே ஓரங்கட்டிக் கிடந்தது. ஹாலுக்கென்று எங்கேயோ தேடிப் பிடித்து ரெண்டு பிரம்பு நாற்காலி வாங்கி வைத்திருந்தார்.

மாலினி அப்புறம் அவரோடு பேசவேயில்லை. பெயிண்ட் வாசனை ஆகாது என்று அம்மாவைத் தில்லைநகரில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா வரட்டும், அவளே கேட்கட்டும் என்று இருந்தாள். அம்மாவோடு சரியாகப் பேசியே எவ்வளவோ நாளாகிவிட்டது. எப்போது போன் செய்தாலும் "தூங்கறா", "குளிக்கறா" என்று அப்பாதான் எடுப்பார். "கொஞ்சம் மறதி. வயசாச்சோல்லியோ" என்பார்.

மறுநாள் சாயங்காலம் ஹம்ஸா சித்தி ஆட்டோவில் அம்மாவை அழைத்து வந்தாள்.

சத்யபாமா துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அம்மா!" என்று ஓடினாள் மாலினி.

சத்யபாமா யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பதுபோலச் சிரித்துவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

பச்சைச் சுவரைப் பார்த்தாள். கிட்டே போய் உள்ளங்கையால் தடவினாள். இறுகிக் கிடந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பாடா! ஆத்துக்கு வந்தாச்சு."

மாலினி திகைத்துப்போய் நின்றாள். சித்தி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அத்திம்பேர் சத்தியம் வாங்கிண்டுட்டார்டி. தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு. சாயங்காலம் ஆனாப் போறும், பையை எடுத்துண்டு 'ஆத்துக்குப் போணும்'னு கிளம்பிடறா. இந்த ஃபிளாட்டே அவ ஞாபகத்துல இல்லை. ஒரு தடவை தனியா அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் போயிட்டா."

"ஐயோ!"

"கைலாசபுரத்துக்கே அழைச்சுண்டு போனார். அந்த ஆத்துல இப்ப வேற யாரோ குடியிருக்கா. இவ வாசல்லேயே உக்காந்துண்டு எழுந்துக்க மாட்டேன்னுட்டா. திரும்பி ஆட்டோல ஏத்தறதுக்குள்ள அத்திம்பேர் நடுத்தெருவுல நின்னு அழுதுட்டார். அப்புறந்தான், அந்த ஆத்தையே இங்கே கொண்டு வந்துடறேன்னார்."

மாலினிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அப்பாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஹாலுக்கு விரைந்தாள்.

சேஷு காப்பி டம்ளரோடு அம்மாவின் எதிரே நின்றிருந்தார்.

சத்யபாமா நிமிர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்தவரிடம் மரியாதையாகச் சொன்னாள்:

"ஏன் நின்னுண்டே இருக்கேள்? உக்காருங்கோ. எங்காத்துக்காரர் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்தான்."

சேஷு எதிர் நாற்காலியின் விளிம்பில், அந்நிய வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"அவசரமில்லைம்மா" என்றார். "அவர் மெதுவா வரட்டும்."