நாற்பத்தோராம் கேள்வி

கடலோரத்தில் ஒரு தெரு இருந்ததாம். அதில் எழுபது வீடாம். கடல் தின்றது போக மிச்சம் மூன்றாம்.

அந்த மூன்றை நம்பித்தான் கணக்கெடுப்புக்காரியின் பிழைப்பு. கடல் ஏறி வந்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வு. வருடத்துக்கு ஒரு நாள், அதே வீடுகள், அதே அறுபது கேள்விகள். மூன்று வீட்டுக்குக் குறைந்தால் தெருவை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். கூடவே அவள் வேலையும் போகும்.

இது ஏழாவது வருடம். கால் கடுத்தது. இந்த முறை வெளிநாட்டுப் பேராசிரியரும் கூட வந்திருந்தார்.

முதல் வீட்டு அக்கா வாசற்படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. நாப்பத்தொண்ணாவது கேள்வி, ஏன் இன்னும் போகலன்னு கேப்ப. பொறந்த மண்ணு, உசுரே போனாலும் போமாட்டேன். எழுதிக்கோ."

கணக்கெடுப்புக்காரி மொழிபெயர்த்துச் சொன்னாள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அலையைப் படம் எடுக்கப் போனார்.

அவளுக்கோ எரிச்சல். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது என்ன வீம்பு?

தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். குடம் காய்ந்து கிடந்தது. அடுப்பில் சிலந்தி வலை.

"அக்கா, நீங்க இங்க இல்லவே இல்லையா?"

"மெதுவா பேசு. மேட்டுப் பக்கம் குடிபோய் ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப என்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யா? நாங்க குடுக்கிற போர்வைக்காகவா?"

"போர்வைய நீயே வெச்சுக்கோ. அன்னைக்கு நிறைமாசமா வந்து, 'நீங்களும் போயிட்டா என் வேலையும் போச்சுக்கா'ன்னு இந்தப் படியில உக்காந்து அழுதது யாரு?"

"நீங்க போகமாட்டீங்கன்னு அஞ்சு நாட்டுலயும் எழுதி வெச்சிருக்காங்களேக்கா..." என்றாள்.

"எழுதட்டுமே. கடல் என்ன, அதைப் படிச்சுட்டா வருது?"

"வேணாங்க்கா. உண்மையை எழுதிடறேன். மத்த ரெண்டு வீட்டுக்காரங்க இருக்காங்கல்ல, அவங்கள வெச்சு பேராசிரியர்கிட்ட எப்படியாவது பேசிப் பாக்கறேன்."

அக்கா அவளைப் பாவமாகப் பார்த்தாள். வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினாள்.

"அவங்களையும் சட்டுனு கேட்டு அனுப்பு. காலையில மூணு வீட்டுக்காரங்களும் ஒரே வண்டியிலதான் வந்து இறங்கினோம்."

சொல்லிவிட்டு, வண்டி நிற்கும் பக்கமாக நடந்தாள்.