மதிய ரயிலில் வருவான்

"அத்த, ரயிலு ஊதிருச்சு. ஒங்க மகன் வார நேரம். முழிச்சிக்கோங்க!"

ஞானசெல்வி ஈரத்துணியால் மாமியாரின் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதி முடிந்துவிட்டாள். பார்வதியம்மாளின் புரை விழுந்த கண்கள் வாசல் பக்கம் திரும்பின. எலும்பும் தோலுமாகக் கிடந்த உடம்பில் எங்கிருந்தோ ஒரு மூச்சு ஏறி வந்தது.

மகன் சங்கரலிங்கம் ரங்கூனில் கடை வைத்திருந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து ஆளைப் பற்றித் துப்பே இல்லை. கூட இருந்தவர்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்து வருசமாகிவிட்டது. இனி அவன் வரமாட்டான் என்பது, பார்வதியம்மாளைத் தவிர சங்கரன்கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு முத்துத்தாய், அம்மன் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கிழவியின் வாயில் விட்டாள். மண்ணாசையில் இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிர் இதில் அடங்கிவிடும் என்பார்கள். அடங்கவில்லை. முந்தின நாளே பாலும் விட்டாயிற்று, பொன்னை உரைத்தும் ஊற்றியாயிற்று.

முத்துத்தாய் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இது மண்ணுமில்ல, பொன்னுமில்லட்டி. மகன் ஆச. முதுகெல்லாம் புண்ணா அழுகிப் போச்சு, திருப்பிப் போட்டா கத்துதா. நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க அண்ணன் இசக்கிப்பாண்டிக்கும் ஒம் மாப்பிள்ளைக்கும் ஒரே தொண்ட. அவன் வந்து கையப் புடிச்சு 'அம்மா, வந்துட்டேன்'னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நிம்மதியாப் போய்ச் சேந்துருவா."

"சாகக் கெடக்கவுககிட்டப் பொய் சொல்லலாமாக்கா? பாவமில்லையா?"

"அப்ப தெனமும் வருதான், வருதான்னு நீ சொல்லுதியே, அது என்னதாம்?"

"அது நம்பிக்கைக்கா. அதுலதான அவுக உசுரு நிக்கி."

முத்துத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன்ன மாதிரி மருமக எவளுக்கு வாய்க்கும்! குருவிகுளத்துல ஒங்கப்பா சாகக் கெடந்தப்போ, நாளைக்குப் போ, நாளைக்குப் போன்னு ஒன்னய நிறுத்தி வச்ச மகராசிதான இவ? நீ போறதுக்குள்ள எரிச்சே முடிச்சிட்டாக. அதயும் மறந்துட்டு பீ மூத்திரம் அள்ளுதியே!"

ஞானசெல்வி கஞ்சியை ஆற்றினாள்.

ஆனாலும் முத்துத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அண்ணனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். ஆம்பிளைச் செருப்புச் சத்தம் கேட்டதுமே கிழவியின் கை காற்றில் துழாவியது.

"வந்துட்டியாய்யா?"

இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்தான். "அம்..."

ஞானசெல்வி பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள். "பக்கத்து வீட்டு அண்ணாச்சி, அத்த. ஒங்களப் பாக்க வந்திருக்காக."

துழாவிய கை பாயில் விழுந்தது.

அண்ணனும் தங்கச்சியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். "இன்னும் நம்பிக்கையக் கைவிட மாட்டேங்காளே, புண்ணியவதி" என்று முத்துத்தாய் தெருவில் சொல்லிக்கொண்டு போனது உள்ளே வரைக்கும் கேட்டது.

ஞானசெல்வி கதவைச் சாத்தினாள். கஞ்சியைச் சிந்தாமல், புரையேறாமல், பக்குவமாக ஊட்டினாள். வாயையும் துடைத்துவிட்டாள்.

"எம் புள்ள... இன்னைக்கும் வரலையாட்டி?" கிழவிக்கு அழக்கூடத் தெம்பில்லை. "வலி பொறுக்கல. நான் போயிருதேன், தாயி. எப்பத்தான் வருவான்?"

மருமகள் அவள் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கு வருவாக, அத்த. நீங்க என்னய எங்கப்பாகிட்ட அனுப்புன அதே நாளைக்கு."