உள்ளூர்ச் சாமான்

"உள்ளூர்ச் சாமான் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்," என்றார் கிறகோரி.

குருநகரில் வள்ளம் கட்டும் சிமியோன் விடவில்லை. "அண்ணை, நல்ல பூவரசம் மரம். ஒரு கிழமையிலை செய்து தாறன். மெற்றில்டா பள்ளிக்கூடம் போகலாமெல்லே?"

"பொருளாதாரத் தடை வந்த பிறகு உள்ளூர்ச் சவுக்காரம், உள்ளூர்ப் பிஸ்கற் எல்லாம் கண்டாச்சு. உள்ளூர் எண்டால் மட்டம்தான். ஜேர்மனியிலை இருக்கிற தம்பிக்கு அளவு அனுப்பீட்டன். அவன் வாங்கி அனுப்புவான்."

மெற்றில்டா வாசலில் இருந்தபடி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

போரால் பாதை மூடிக்கிடந்ததால் தம்பி அனுப்பிய பொதி கொழும்பிலேயே தங்கி, மூன்று வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கிறகோரி பிரித்தார். உள்ளே வழவழப்பான ஒரு செயற்கைக்கால். ஷெல்லடியில் மகள் இழந்த இடக்காலின் இடத்தில் அதைப் பொருத்தி, அவளை எழுப்பி நிறுத்தினார்.

அவள் ஒரு பக்கம் சரிந்தாள். கால் நாலு விரற்கடை கட்டையாக இருந்தது.

கிறகோரி நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான்தான் பிள்ளை, உன்னை மூண்டு வருசம் இருத்தி வைச்சிட்டன்."

மெற்றில்டா அவர் தோளைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ அப்பா. இது நல்ல கால்தான். நான்தான் வளர்ந்திட்டன்."